மழைக்குள் புத்தகம் வந்துவிடுமா?

அடுத்தவர் எழுதியதை அவருக்குப் பிறகு முதல் ஆளாகப் படிக்கிற வேலை, தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்குச் சொகுசாகத்தான் தெரியும். அந்த வேலையில் இருந்தவனுக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே கொல்லைப்பக்கம் போய் ஒளியத் தோன்றும்.

நான் அந்த வேலையைப் பாலக்காட்டில் பார்த்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. மலபார் மதராஸோடு இருந்த கடைசிக் காலம். பிறகு கேரளம் ஆயிற்று, எங்கள் வாசல் பலகையில் மலையாள எழுத்தும் ஏறியது. வலியங்காடிக் கடைத்தெருவில் கொப்பரை மண்டிக்கும் துணிக்கடைக்கும் நடுவே மீரான் ராவுத்தரின் அச்சுக்கூடம். கல்யாணப் பத்திரிகை, சந்தை நோட்டீஸ், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம், இவைதான் எங்களுக்குச் சோறு போட்டன. ஆனால் ராவுத்தருக்குக் கதைப் புத்தகம் போடுவதில் ஒரு பித்து. வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ போடுவார். வருகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்து நல்லது கெட்டது சொல்லக் கொழிஞ்சாம்பாறைக்காரனான என்னை வைத்துக்கொண்டார்.

மத்தியானத்தில் கணவாய்க் காற்று கிழக்கு ஜன்னல் வழியாக வந்து மேஜைமேல் இருக்கும் தாள்களைப் புரட்டும். மை வாசனையும் கொப்பரை வாசனையும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும். எங்கே எழுதினவரின் கதை முடிந்தது, எங்கே என் தூக்கம் தொடங்கியது என்று தெரியாத பகல்கள் எத்தனையோ. நீங்களும் ஒரு கட்டுத் தாளை எங்கேயோ அனுப்பிவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்றால் நாம் ஒரே கூட்டம்தான். கேளுங்கள்.

கஞ்சிக்கோட்டு மகாராஜா

கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தவர் பழனிச்சாமி. தாம் எழுதிய சரித்திர நாவலைச் சணல் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். ஏற்றி மிதித்தால் கட்டு அவிழ்ந்து விடுமாம். டீ வருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: "ஏனுங்க தம்பி, தீவாளிக்குள்ள வந்துருமுங்களா? அட்டையில என்ற பேரு செவப்புல இருக்கட்டுங்க." அப்போது ஆவணி பிறந்திருந்தது. ராவுத்தர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன்.

படித்து முடிக்கப் புரட்டாசியும் போய்விட்டது. மோசமில்லை. மலையிலிருந்து இறங்கும் காற்றையும், பனைமரங்கள் அசைவதையும், தூரத்தில் வெளிச்சம் ஒன்று நெருங்கி வருவதையும் அவரைப் போல எழுத ஆள் கிடையாது. ஆனால் எந்த அத்தியாயமும் முடியவே இல்லை. மகாராஜா வாளை உருவுகிறார், அத்தியாயம் தீர்ந்துவிடுகிறது. ராணி கதவைத் திறக்கிறாள், யார் நிற்கிறார்கள் என்று சொல்லாமலே அடுத்த அத்தியாயத்தில் வேறு ஊர், வேறு போர். வாசகனை ஏங்கவைக்கிற புது உத்தியாக்கும் என்று முதலில் மயங்கிவிட்டேன். பாதிக்குமேல் அந்த மயக்கம் தெளிந்தது.

அவர் ஸ்டேஷனுக்கே போனேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் தண்டவாளம், ஒரு வேப்பமரம், ஒரு மேஜை. அந்த மேஜையில்தான் அத்தனை ராஜ்யங்களும் எழும்பி விழுந்திருக்கின்றன. புத்தகம் என்றால் எழுத்துக் கோத்து அச்சேறி வர ஒரு வருஷமாவது ஆகும், அதற்கு முன் இதைத் திருத்தியே ஆகவேண்டும் என்று மெல்லச் சொல்லிவிட்டு, ராணி கதவைத் திறந்ததும் ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சிக்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ராணி இன்னும் அங்கேயே நிற்கிற மாதிரி ஒரு பார்வை.

"அப்பத்தானுங்க வண்டி வந்துருச்சு."

கதை மாத்திரம் பாக்கி

கல்பாத்தி அனந்தராம ஐயர் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தவர். ஒரு பலாமரத்துக்காக அண்ணனும் தம்பியும் இருபது வருஷம் கோர்ட்டு ஏறிய கதை. இறங்கிப் படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் பலாமரம் வருவதற்கு முன்னால் ஆற்றின் பிறப்பு, தேர்ச் சக்கரத்தின் அளவு, காப்பிக்கொட்டை வறுக்கிற பக்குவம், காசிக்குப் போய்வந்த வழி எல்லாம் வரும். "இத இப்படியே போட்டா, வாங்கினவன் பேரன் காலத்துலதான் மரம் வந்து சேரும்," என்றார் ராவுத்தர். வெட்டினால் போடலாம் என்று முடிவாயிற்று. வெட்டுகிற கை என்னுடையது.

புத்தகம் பின்னால் வந்தது. கொஞ்சம் விற்கவும் செய்தது. ஆனால் என் நினைவில் இருப்பது, வெட்டிய பிரதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோன அந்த மத்தியானம்தான். ஐயர் ஊஞ்சலில் உட்கார்ந்து படித்தார். ஊஞ்சல் ஆடவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கங்களுக்கு இடையில் ஏதோ விட்டுப்போன சாமானைத் தேடுகிறவர் போல இரண்டு தடவை முன்னும் பின்னும் புரட்டினார். காசி யாத்திரை வெட்டுப்பட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்கிற தொனியில், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இடம்தான் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நன்னா எழுதினதையெல்லாம் எடுத்துட்டேள். இப்போ கதை மாத்ரமல்லோ பாக்கி இருக்கு."

பஸ் ஏறிப் போய்ச் சொன்னது

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. பிடித்தால் பதில் எழுதுவோம். பிடிக்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுவோம். இது கொடுமை என்று எனக்குத் தெரியும், ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் கொடுமைக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆனைகட்டியில் மாரப்பன் என்று ஒரு வாத்தியார். மாசம் தவறாமல் கவிதை அனுப்புவார். நாங்கள் மாசம் தவறாமல் பேசாமல் இருந்தோம். ஒரு சமயம் ராவுத்தர் பேப்பர் வாங்கக் கோயம்புத்தூர் போனபோது என்னையும் கூட்டிப்போனார். அங்கிருந்து ஆனைகட்டிக்கு பஸ் இருந்தது. ஏனோ ஏறிவிட்டேன்.

பஸ் மலையடிவாரத்தில் வளைந்து வளைந்து போனது. சாரல் ஜன்னலில் படிந்து, வெளியே மரமா யானையா என்று தெரியாதபடி எல்லாம் மங்கலாக நகர்ந்தது. வாத்தியார் வீடு பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. பாலக்காட்டுப் பிரஸ்ஸிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அவர் சம்சாரம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். களியும் கீரையும் வந்தன. சாப்பிட்ட பிறகு சொல்வது இன்னும் பாவம் என்று, முதல் கவளத்திலேயே சொல்லிவிட்டேன். உங்கள் கவிதைகளைப் புத்தகமாகப் போட எங்களால் முடியாது. பெரும்பாலும் எங்கேயோ படித்தவை மாதிரியே இருக்கின்றன. ஒன்றே ஒன்று உங்களுடையது, பஸ் வந்து யாரும் இறங்காமல் திரும்பிப் போகிறதே, அந்தக் கவிதை. அந்த மாதிரி எழுதுங்கள்.

வாத்தியார் வாசலைப் பார்த்தார். நான் வந்த பஸ் அங்கே உறுமிக்கொண்டு நின்றது. சம்சாரம் என் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரை ஊற்றினார். வாத்தியார் அவமானப்பட்டுவிட்டாரோ என்று நான் குனிந்தே இருந்தேன். பிறகு அவர் சொன்னார், நிதானமாக.

"இல்லீங்கறதச் சொல்றதுக்கு ஒரு ஆளு இத்தன தூரம் பஸ் ஏறி வந்தீங்க பாருங்க, அதே எனக்குப் பெருசுங்க."

ஏலக்காய் மணத்த பார்சல்

ஒரு தை மாசம் தபால்காரர் கொடுத்த பார்சலில் முதலில் வந்தது மணம். பிரிப்பதற்கு முன்பே அச்சுக் கோப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சக்குபள்ளத்திலிருந்து வந்திருந்தது. கம்பம் மெட்டுக்கு மேலே, இன்றைக்கு இடுக்கி என்கிறார்களே, அந்த ஏலமலையில் ஒரு தோட்டம். எழுதியவர் பெயர் எஸ்தர். வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை ஒன்று தோட்டத்தில் உண்டு, அதில் ஆயா. திருநெல்வேலிப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். எங்கள் புத்தகம் ஒன்று கம்பம் சந்தையில் கிடைத்ததாகவும், அதன் பின்பக்கத்து விலாசத்தைப் பார்த்து அனுப்பியிருப்பதாகவும் இரண்டே வரி.

கதை ஒரு லயத்தைப் பற்றியது. லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நீளமான ஓட்டு வரிசை வீடு. ஒரு மழைக்காலத்து விடியலில் மேட்டுச் சரிவு நழுவி வந்து கீழ் லயத்தில் பாதியை மூடிவிடுகிறது. எஸ்தரம்மாவின் தங்கையும் தங்கை புருஷனும் அதில் போனவர்கள். அடுக்குமொழி இல்லை, வர்ணனை இல்லை. யார் அன்றைக்கு என்ன சமைக்க அரிசி ஊறப்போட்டிருந்தார்கள், யாருடைய செருப்பு வாசலில் கிடந்தது என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போகிறது. படித்துவிட்டு நேராகக் கொண்டுபோய் ராவுத்தர் மேஜையில் வைத்தேன்.

ராவுத்தர் கையெழுத்துப் பிரதி படிக்கிறவர் அல்ல, அதற்குத்தான் நான். அன்றைக்கு எடுத்தவர் கீழே வைக்கவில்லை. மத்தியானத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, தொப்பியைக் கழற்றாமலே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெயில் சாய்ந்து கொப்பரை மண்டிக்காரர் கதவை அடைக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"இது கத மாதிரியே தெரியல தம்பி. யாரோ யாரையோ விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

மலைக்கு மேலே ஒரு கேள்வி

நேரில் போய்ப் பேசிவிட்டு வா என்று ராவுத்தர் என்னை அனுப்பினார். பொள்ளாச்சி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயில், பிறகு பஸ் மாறி மாறிக் கம்பம், அங்கிருந்து மலையேறிக் குமுளி, குமுளியிலிருந்து ஏலக்காய் லாரி. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து, காதடைத்து, பேச்சுச் சத்தமெல்லாம் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. லாரியை விட்டு இறங்கியபோது பனிமூட்டத்துக்குள் எங்கேயோ குழந்தைகள் அழுகிற சத்தமும் ஒரு பெண் பாடுகிற சத்தமும் கேட்டன. பாட்டு கேட்ட பக்கம் நடந்தேன். கொட்டகையில் வரிசையாகத் துணித்தொட்டில்கள் தொங்கின. இரண்டு கையாலும் இரண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றவர்தான் எஸ்தரம்மா.

பாலக்காட்டுப் பிரஸ்ஸிலிருந்து வருகிறேன் என்றேன். "வாங்க அண்ணாச்சி. லெட்டர் போடுவீகன்னு நெனச்சேன், ஆளே வந்துட்டீக," என்றார். புத்தகம் போட முடிவு செய்துவிட்டோம் என்றேன். எழுத ஆசைப்படுகிறவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டதும் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும். சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள், ஒருவர் என் காலைத் தொட வந்திருக்கிறார். இவர் தொட்டிலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மழைக்குள்ள புத்தகம் வந்துருமா?"

நான் எங்கள் சங்கடத்தைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தையும் கையால் பொறுக்கிக் கோக்கவேண்டும், எழுத்து கொஞ்சம்தான் இருக்கிறது, அச்சடித்தபின் பிரித்துப் போட்டுத்தான் அடுத்த பக்கம் கோக்க முடியும், மிஷின் ஒன்றுதான், சித்திரை வைகாசியில் கல்யாணப் பத்திரிகைகள் வந்து மேலே விழும். அடுத்த வருஷம் இதே காலத்தில் வந்தால் அதிர்ஷ்டம். அவர் கேட்டுக்கொண்டே என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். பனி கொஞ்சம் விலகியது. சரிந்த மேடும், அதற்கு அடியில் மிச்சமிருந்த கீழ் லயமும் தெரிந்தன. வாசலில் துணி காய்ந்தது, கோழி மேய்ந்தது. மேட்டின் இடுப்பில், புதுசாக ஒரு வெடிப்பு குறுக்காக ஓடியிருந்தது.

தோட்டத்து மானேஜரான தொரையிடம் வாயால் பல தடவை சொல்லியாயிற்றாம். புத்தகத்தில் வந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் படித்துவிட்டு லயத்தை மாற்றிக் கட்டுவார்கள், ஆனி ஆடியில் அடிக்கிற இடவப்பாதி மழைக்குள் அது நடந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவும் எழுதியிருக்கிறார். தொரைக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். படிக்கத் தெரிந்தவர்களும் கதைப் புத்தகத்தைப் பார்த்து வீடு கட்ட மாட்டார்கள் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. அவர் வெடிப்பைப் பார்த்தபடியே நின்றார்.

"அப்ப மழைகிட்டதான் கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லணும், அண்ணாச்சி."

சந்தை நோட்டீஸ் தாளில்

திரும்பி வருகிற ரயிலில், பாதித் தூக்கத்தில், எங்கள் அச்சுக்கூடம் தினமும் என்ன செய்கிறது என்று திடீரென்று உறைத்தது. புத்தகத்துக்கு வருஷம் ஆகும். நோட்டீஸுக்கு ஒருநாள் போதும். கதையில் அந்த விடியல் வருகிற அத்தியாயம் மூன்று பக்கம்தான். அதை மட்டும் எடுத்து, இரண்டு பக்கமும் அடித்த ஒற்றைத் தாளாக லயத்து ஜனங்களுக்கே அனுப்பினால் என்ன? ராவுத்தரிடம் சொன்னேன். அவர் தாடியை நீவிக்கொண்டார். அடித்தவர் பெயரை நோட்டீஸின் அடியில் போட்டாகவேண்டும், தோட்டத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா என்று யோசிக்கிறார் என நினைத்தேன். அவர் யோசித்தது தாளின் நிறத்தைப் பற்றி. வெள்ளை வேண்டாம், ஆபீஸ் காகிதம் என்று ஜனங்கள் பயப்படுவார்கள் என்றார்.

எஸ்தரம்மாவிடம் சம்மதம் கேட்டு எழுதினோம். அவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: எழுதியவள் பெயர் வேண்டாம், கடைசியில் போனவர்களின் பெயர்களைப் போடுங்கள். மாட்டுச் சந்தைக்கு வாங்கி வைத்திருந்த ரோஸ் நிறத் தாளில் அடித்தோம். அச்சுக் கோத்தவர் கோத்துக்கொண்டே வந்து கடைசிப் பெயரில் நின்றுவிட்டார். "மொதலாளி, இது எந்தத் திருவிழாவுக்கு?" என்று கேட்டார். ராவுத்தர் இன்னும் ஈரம் காயாத தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இத்தன வருஷமா எல்லாரையும் வாங்க வாங்கன்னே அடிச்சிருக்கோம். ஒரு தடவ வெளிய போங்கன்னும் அடிப்போமே."

என்னுடையதும் ஒன்று இருந்தது

நோட்டீஸ் கட்டு மலையேறிவிட்டது. பிறகு பதிலே இல்லை. ஆனி போய் ஆடியும் பிறந்தது, பாலக்காட்டில் மழை பனையோலைகளை அடித்து நொறுக்கியது. முகூர்த்தம் இல்லாத காலம், வேலையும் இல்லை. அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான், அதுவரை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த என் நாவலை ராவுத்தரிடம் கொடுத்தேன். மற்றவர்களிடம் ஒரு வருஷம் ஆகும், விற்காது, பேர் வராது என்று பாடம் சொன்ன நான், அன்று சாயங்காலமே அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அட்டைக்குப் பச்சை நிறம் என்றுகூட மனதுக்குள் முடிவாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அவர் கட்டை என் மேஜையில் மெதுவாக வைத்தார்; குழந்தையைப் படுக்க வைப்பதைப் போல.

"நம்மகிட்ட வந்தவங்க எல்லாரும் இதுல இருக்காங்க தம்பி. நீ மட்டுந்தான் எங்கன்னு தேடிப் பாத்தேன்."

ஏல ஸ்டோரில் படுத்தவர்கள்

சக்குபள்ளத்தில் நடந்ததை எஸ்தரம்மா பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நோட்டீஸை அவர் முதலில் தோட்டத்துச் சர்ச்சின் உபதேசியாரிடம் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எழுந்தவர்களை உபதேசியார் உட்காரச் சொல்லி, அதை உரக்க வாசித்தார். பெயர்கள் வந்தபோது ஒரு கிழவர் எழுந்து நின்றாராம். அவரைப் பார்த்து எல்லாரும் நின்றார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில் மறுபடி வாசித்தார்கள். சர்ச்சுக்கு வராதவர்களும் கேட்டார்கள். ரோஸ் தாள் லயம் லயமாகக் கைமாறியது.

மழை வலுத்ததும் கீழ் லயத்துக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷத்துக் காய் இன்னும் எடுக்கவில்லை, ஸ்டோர் காலியாகத்தான் கிடந்தது. தொரை வந்து சத்தம்போட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. சுவரில் ஊறிப்போயிருந்த பழைய மணத்தில் குழந்தைகள் நன்றாகத் தூங்கின. பெரியவர்கள் காலையில் எழுந்து, கண்ட கனவுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் மழை பெய்ததே தவிர மேடு அசையவில்லை. நாள் போகப்போக முணுமுணுப்பு கிளம்பியது. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர், எழுத்தறிந்த பொம்பளை பேச்சைக் கேட்டு ஊரே சத்திரத்தில் படுத்திருக்கிறது என்று சிரித்தார். பால் கொடுக்கிற தாய்மார்கூட எஸ்தரம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தங்கையை நினைத்து நினைத்துத் தனக்கு மட்டும்தான் அந்த வெடிப்பு பெரிதாகத் தெரிகிறதோ என்று. நாளைக்கு எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று பேசி முடித்தார்கள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மேடு இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லையாம். கட்டிலிலிருந்து கனமான போர்வை நழுவி விழுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தபோது கீழ் லயத்தின் முனை வீடுகள் இருந்த இடத்தில் ஈர மண்ணும், வேரோடு வந்த ஏலச்செடிகளும் கிடந்தன. கோழிகள் போயின. அம்மி, பானை, ஒரு தையல் மிஷின் போயின. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பெண்கள் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். சிரித்த கங்காணி மடியிலிருந்து கசங்கிய ரோஸ் தாளை எடுத்து, அதையும் மண்ணையும் மாறிமாறிப் பார்த்தாராம்.

"இதுல போட்டிருக்க மாதிரியேல்லா வந்திருக்கு. எந்தூரு பிரஸ்ஸு இது?"

வேண்டாம் என்ற ஆசிரியர்

புரட்டாசியில் மறுபடி மலையேறினேன். மேலே பாறைப் பாங்கான இடத்தில் புது லயத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்தரம்மா தொட்டில்களுக்கு நடுவே முன்பு பார்த்த மாதிரியே நின்றார். பாதிப் புத்தகம் கோத்து அடித்தாயிற்று என்று பெருமையோடு சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "இனிமே புத்தகம் எதுக்கு அண்ணாச்சி? அது எதுக்கு எழுதினேனோ அந்த வேல முடிஞ்சு போச்சுல்லா," என்றார்.

என் காலத்தில் எத்தனையோ பேர் எங்கள் வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறார்கள். பிரஸ்காரன் எழுதினவரிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். கதை நன்றாக இருக்கிறது என்றேன், அவர் அசையவில்லை. உங்கள் பெயர் நிற்கும் என்றேன்; சிரித்தார். கடைசியில், நோட்டீஸ் தாள் நனைந்தால் கிழிந்துவிடும், இரண்டு மழை தாங்காது, புத்தகத்தில் இருந்தால் தங்கச்சி பேர் கொஞ்ச காலமாவது இருக்கும் என்றேன். தொட்டில் ஒன்றில் குழந்தை சிணுங்கியது. அவர் போய் அதை ஆட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"அவ பேருல 'பா'வுக்குக் கால் வாங்காமப் போட்டுராதீக. பாக்கியம். அவளுக்கு அது பிடிக்காது."

பெட்டிமேல் இருந்த புத்தகம்

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. விழா இல்லை, மாலை இல்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பினோம், ஒன்றிலும் ஒரு வரி வரவில்லை. ரயில்வே ஸ்டேஷன் கடையில் சிலது போயிற்று, சந்தைகளில் சிலது. மிச்சம் எங்கள் மச்சில் ஏறி, மத்தியான வெயிலில் பழுத்துக்கொண்டிருந்தது. ராவுத்தர் ஒருநாளும் அதற்காக முகம் சுளிக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டினார். அவர்கள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் கேட்டார்கள்.

ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு நானே சக்குபள்ளம் போனேன். புது லயத்தில் ஒவ்வொரு வீடாகக் கொடுத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் வாங்கினார்கள். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை போனபோது எல்லா வீட்டிலும் அது இருந்தது. சில வீடுகளில் தகரப் பெட்டிமேல், வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில். சில வீடுகளில் துணியில் சுற்றி அரிசிப் பானைக்கு அருகே. கங்காணி வீட்டில் பூப்போட்ட தாளில் அட்டை போட்டிருந்தார்கள். ஒன்றிலும் ஓரம் மடங்கவில்லை, பக்கம் அழுக்காகவில்லை. எனக்கு ஆசை தாங்கவில்லை. எஸ்தரம்மாவிடம், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் பனிக்குள் மங்கலாகத் தெரிந்த வாசல்களைப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"நோட்டீஸ எல்லாரும் வாசிச்சாக, அண்ணாச்சி. புத்தகத்த எல்லாரும் வச்சிருக்காக."

ஆகவே, காத்திருக்கும் என் கூட்டாளிகளே, உங்கள் புத்தகம் யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் அந்தச் சந்தோஷத்தோடு பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள், படித்தீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.